கோபென் தப்பித்த வாரம்: மத்தியதரைக் கடல், ஆகஸ்ட் 1914

எதைப் பற்றிய ஆய்வு

முதல் உலகப் போர் தொடங்கிய வாரத்தில் கோபென், பிரெஸ்லாவ் என்ற இரண்டு ஜெர்மன் போர்க்கப்பல்கள் மத்தியதரைக் கடலில் தனியாக மாட்டிக்கொண்டன. பிரிட்டனுக்கு அந்தக் கடலில் மூன்று போர்க்குரூசர்கள் (பெரிய பீரங்கிகளோடு வேகமாக ஓடும் பெரும் போர்க்கப்பல்கள்), நான்கு கவசக் குரூசர்கள் (அவற்றைவிடச் சிறிய, பழைய வகை), நான்கு இலகுக் குரூசர்கள் (இன்னும் சிறியவை, வேகமானவை), பதினாறு நாசகாரிக் கப்பல்கள் இருந்தன. பிரெஞ்சுக் கடற்படையின் பெரும்பகுதியும் அங்கேதான் நின்றது. அப்படியிருந்தும் அந்த இரண்டு கப்பல்களும் ஒரு வாரம் ஓடி, ஆகஸ்ட் 10 மாலை துருக்கியின் டார்டனெல்ஸ் நீரிணைக்குள் பத்திரமாக நுழைந்துவிட்டன. மூன்று மாதம் முடிவதற்குள் துருக்கி ஜெர்மனியின் பக்கம் போரில் இறங்கிவிட்டது.

இதை வழக்கமாக ஒரு துரத்தல் கதையாகச் சொல்வார்கள். எனக்கு அக்கறை வேறு இடத்தில். அந்த வாரம் யார் யாருடைய ஆள் என்பதே மணிக்கு மணி மாறிக்கொண்டிருந்தது. முடிவெடுத்தவர்களில் பெரும்பாலானோர் ஜூலை மாதத்து வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஆகஸ்ட் மாதத்துக் கடலில் கப்பல் ஓட்டினார்கள்.

ஆட்களைப் பதவியால் மட்டும் குறிப்பிடுகிறேன். பெயர்கள் ரகசியமல்ல, தேடினால் கிடைக்கும். ஆனால் பெயரைச் சொன்னதுமே 'இவர் கோழை, அவர் சூரர்' என்று மனசு தீர்ப்பெழுதிவிடுகிறது. அந்த நாற்காலியில் இருந்தவருக்கு அன்றைக்கு என்ன தெரியும், என்ன தெரியாது என்பதைத்தான் இங்கே பார்க்க வேண்டும்.

பின்னணி: ஜூலை மாதத்துக் கணக்கு

காகிதத்தில் கூட்டணிகள் தெளிவாக இருந்தன. ஜெர்மனி, ஆஸ்திரியா-ஹங்கேரி, இத்தாலி மூன்றும் 1882 முதல் முத்தரப்பு ஒப்பந்தத்தில். எதிர்ப்பக்கம் பிரான்ஸ், ரஷ்யா, அவர்களோடு பாதி சேர்ந்தும் பாதி விலகியும் பிரிட்டன். போர் வந்தால் இத்தாலி, ஆஸ்திரியா, ஜெர்மனி மூன்றின் கப்பல்களும் ஒன்றாகச் சேர்ந்து மத்தியதரைக் கடலில் பிரெஞ்சுக் கடற்படையை எதிர்க்கும் என்பதுதான் திட்டம். ஜெர்மனி தன் பங்காக 1912 நவம்பரில், பால்கன் போர்கள் நடந்துகொண்டிருந்தபோது, அங்கே ஒரு சிறு பிரிவை அனுப்பியது. அதில் இருந்தவை இரண்டே கப்பல்கள்: கோபென், பிரெஸ்லாவ்.

கோபென் போர்க்குரூசர் வகை. 23,000 டன்னுக்குக் கொஞ்சம் குறைவு, 28 சென்டிமீட்டர் பீரங்கிகள் பத்து. பிரெஸ்லாவ் இலகுக் குரூசர், 10.5 சென்டிமீட்டர் பீரங்கிகள் பன்னிரண்டு. 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டுப் போன எம்டனில் இருந்ததும் இதே அளவு பீரங்கிதான். எம்டன் பெயர் நம் பேச்சு வழக்கிலேயே ஏறிவிட்டது. போரின் போக்கை அதைவிடப் பலமடங்கு திருப்பிய கோபெனை இங்கே யாருக்கும் தெரியாது.

கோபெனுக்கு ஒரு நோய் இருந்தது. கொதிகலன் குழாய்கள் ஒழுகின. ஜூலையில் ஆஸ்திரியாவின் போலா துறைமுகத்தில் நிறுத்தி, நான்காயிரத்துக்கும் மேற்பட்ட குழாய்களை மாற்றினார்கள். வேலை முழுதாக முடிவதற்குள் போர்ச் செய்தி வந்துவிட்டது. இத்தாலிக்கும் பால்கனுக்கும் நடுவிலுள்ள ஏட்ரியாட்டிக் கடலுக்குள் அடைபட்டுவிடக் கூடாது என்று ஜெர்மன் அட்மிரல் அவசரமாக வெளியே கிளம்பினார். பிரிட்டிஷார் வைத்திருந்த பட்டியலில் கோபெனின் வேகம் மணிக்கு 27 கடல் மைலுக்கும் மேல். நிஜத்தில் 24 கடல் மைலைத் தொடுவதற்கே அது மூச்சுத் திணறியது. இந்த வித்தியாசம் ஜெர்மானியருக்குத் தெரியும். துரத்தியவர்களுக்குத் தெரியாது.

துருக்கியின் இரண்டு கப்பல்கள்

துருக்கி அன்று யார் பக்கமும் இல்லை. அதன் கடற்படைக்குப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தது ஒரு பிரிட்டிஷ் அட்மிரலின் குழு. ராணுவத்துக்குப் பயிற்சி கொடுத்தது ஜெர்மன் குழு. பிரிட்டிஷ் தளங்களில் துருக்கிக்காக இரண்டு பெரிய போர்க்கப்பல்கள் தயாராகிக்கொண்டிருந்தன: சுல்தான் ஒஸ்மான், ரெஷாதியே. சுல்தான் ஒஸ்மானில் 12 அங்குலப் பீரங்கிகள் மட்டும் பதினான்கு. உலகில் வேறெந்தக் கப்பலிலும் அத்தனை கிடையாது. இதற்கான பணத்தில் ஒரு பகுதி பொதுமக்களிடம் உண்டியல் வைத்துத் திரட்டியது. ஊர் ஊராகப் போய் வசூலித்தார்கள்.

கப்பலை எடுத்துப்போக ஏறத்தாழ 500 துருக்கி மாலுமிகள் இங்கிலாந்துக்கு வந்து, டைன் ஆற்றில் வேறொரு நீராவிக் கப்பலில் காத்துக்கொண்டிருந்தார்கள். ஆகஸ்ட் 1 அன்று, ஒப்படைப்பு நடக்கவிருந்த நேரத்தில், பிரிட்டிஷ் சிப்பாய்கள் சுல்தான் ஒஸ்மானில் ஏறினார்கள். இரண்டு கப்பல்களும் பிரிட்டிஷ் கடற்படைக்கு என்று அறிவிப்பு. தங்கள் கண்ணெதிரே, தங்கள் காசில் கட்டிய கப்பலில் வேறொருவர் காவல் நிற்பதை அந்த மாலுமிகள் பார்த்தார்கள்.

பிரிட்டிஷ் கடற்படை அமைச்சரின் பார்வையில் இது நியாயமான முடிவுதான். வட கடலில் ஜெர்மன் கப்பற்படையைவிட அவருக்கு இருந்த மிச்சம் சில கப்பல்கள் மட்டுமே. அந்த இரண்டும் வேறு யார் கைக்கும் போகக் கூடாது. அரசியல் ரீதியாக என்ன விலை என்பதை யாரும் உட்கார்ந்து கணக்குப் போட்டதாகத் தெரியவில்லை.

ஆனால் 'கப்பலைப் பிடுங்கியதால்தான் துருக்கி ஜெர்மனியிடம் போனது' என்று சொல்வது தவறு. துருக்கியின் போர் அமைச்சர் ஜூலை 22-லேயே ஜெர்மன் தூதரிடம் கூட்டணி கேட்டுவிட்டார். தூதர் முதலில் தயங்கினார், பலவீனமான நாட்டைத் தோளில் தூக்கிச் சுமக்க வேண்டிவரும் என்று. ஜெர்மன் பேரரசர் கைசர் தலையிட்டுப் பேச்சைத் தொடரச் சொன்னார். ஆகஸ்ட் 2 அன்று ரகசிய ஒப்பந்தம் கையெழுத்தானது. துருக்கி அமைச்சரவையிலேயே மூன்று நான்கு பேருக்குத்தான் அது தெரியும். கப்பல் பறிபோன செய்தி, அந்த மூன்று நான்கு பேர் ரகசியமாகச் செய்ததை நாளைக்குத் தெருவில் சொல்வதற்கு வழி பண்ணிக் கொடுத்தது. அவ்வளவுதான் அதன் வேலை, ஆனால் அது சின்ன வேலை இல்லை.

ஜூலை 30 உத்தரவு

லண்டனிலிருந்து மால்டாவில் இருந்த மத்தியதரைக் கடல் தளபதிக்கு ஜூலை 30 அன்று நீண்ட தந்தி போனது. சாரம் இது: வட ஆப்பிரிக்காவிலிருந்து பிரெஞ்சுப் படைகளை பிரான்சுக்கு ஏற்றிவரும் கப்பல்களுக்குப் பாதுகாப்பு கொடுப்பது முதல் வேலை. முடிந்தால், வேகமான தனி ஜெர்மன் கப்பல்களை, குறிப்பாக கோபெனை, சண்டைக்கு இழுக்கலாம். ஆனால் பிரெஞ்சுக்காரர்களோடு சேர்ந்தல்லாமல் 'மேலான படை'யுடன் இப்போதைக்கு மோத வேண்டாம்.

'மேலான படை' என்று எழுதியபோது அமைச்சர் மனதில் இருந்தது ஆஸ்திரியக் கப்பற்படை. தந்தியில் அந்தப் பெயர் இல்லை. தளபதி அதே வாசகத்தைத் தன் கீழிருந்த கவசக் குரூசர் அணியின் அட்மிரலுக்கு அப்படியே கைமாற்றினார். அவரும் விளக்கம் சேர்க்கவில்லை. இரண்டு கை மாறிய பிறகு, படிப்பவர் எதை நினைத்துப் பயப்படுகிறாரோ அதுவே மேலான படை என்றாகிவிட்டது.

இன்னொன்று. முழுத் தந்தியும் மேற்கே பார்த்து எழுதப்பட்டது. கிழக்கே, துருக்கி பக்கம் எதிரி போகக்கூடும் என்ற ஒரு வரி எங்கும் இல்லை.

ஆகஸ்ட் 4: எதிரெதிரே கடந்த காலை

ஆகஸ்ட் 2 அன்று ஜெர்மன் கப்பல்கள் சிசிலியின் மெஸ்ஸினாவில் சேர்ந்தன. அன்றே இத்தாலி நடுநிலை என்று முடிவெடுத்துவிட்டது. ஆஸ்திரியா தானே போய் செர்பியாவைத் தாக்கியதால், தற்காப்பு ஒப்பந்தம் தன்னைக் கட்டுப்படுத்தாது என்பது இத்தாலியின் வாதம். நேற்றுவரை கூட்டாளியாக இருந்த நாட்டின் துறைமுகத்தில் நிலக்கரி கிடைப்பதே பெரும்பாடானது. முந்தைய நாள் பிரிண்டிசியிலும் இதே கதைதான்.

ஜெர்மன் அட்மிரல் அல்ஜீரியக் கரையை நோக்கிப் போனார். ஆகஸ்ட் 4 விடிவதற்கு முன் பெர்லினிலிருந்து கம்பியில்லாத் தந்தி வந்தது: துருக்கியோடு கூட்டணி ஏற்பட்டுவிட்டது, உடனே துருக்கித் தலைநகர் கான்ஸ்டான்டிநோபிளுக்குப் போகவும். அவர் உடனே திரும்பவில்லை. இவ்வளவு தூரம் வந்தாயிற்று என்று பிலிப்வில், போன் என்ற இரண்டு துறைமுகங்கள்மீது சில நிமிடம் குண்டு போட்டுவிட்டுத்தான் கிழக்கே திரும்பினார். பிரெஞ்சுப் படைக் கப்பல்களின் புறப்பாடு குழம்பியது. அதைவிட முக்கியம், அவர் மேற்கேதான் வேட்டையாடுவார் என்ற எண்ணம் எதிர்ப்பக்கத்தில் ஆழமாகப் பதிந்தது.

அன்று காலை பத்தரை மணி வாக்கில் இண்டோமிடபிள், இன்டிஃபாடிகபிள் என்ற இரண்டு பிரிட்டிஷ் போர்க்குரூசர்கள் எதிரே வந்தன. சுமார் 8 கிலோமீட்டர் இடைவெளியில் இரு தரப்பும் ஒன்றையொன்று கடந்தன. பீரங்கிகள் திரும்பவில்லை, மரியாதை வணக்கமும் இல்லை. பெல்ஜியத்தை விட்டு வெளியேறச் சொல்லி ஜெர்மனிக்கு பிரிட்டன் கொடுத்த கெடு அன்று நள்ளிரவில்தான் முடிகிறது. அதுவரை போர் இல்லை. இரண்டு கப்பல்களும் திரும்பிப் பின்தொடர்ந்தன. கெடு முடியும்வரை சுடக் கூடாது என்று லண்டன் அமைச்சரவை உறுதியாகச் சொல்லிவிட்டது.

தளபதி லண்டனுக்கு அனுப்பிய செய்தியில் கோபென் இருந்த இடத்தைச் சொன்னார். எந்தத் திசையில் போகிறது என்பதைச் சொல்லவில்லை. லண்டனில் இருந்தவர்கள் மேற்கே என்று எடுத்துக்கொண்டார்கள்.

அன்று பகல் முழுக்க கோபெனின் அடித்தளத்தில் நடந்ததுதான் உண்மையான போர். கரி தள்ளும் ஆட்கள் போதாமல் மற்ற மாலுமிகளையும் கீழே இறக்கினார்கள். ஆகஸ்ட் வெயில், அதன்மேல் அடுப்பின் வெக்கை, எப்போது எந்தக் குழாய் வெடிக்கும் என்று தெரியாத நிலை. வெடித்த குழாய்களிலிருந்து பீறிட்ட நீராவியில் நான்கு பேர் வெந்து செத்தார்கள். ஆனால் வேகம் ஏறியது. பிரிட்டிஷ் கப்பல்களில் அமைதிக்கால அளவுக்கே கரி தள்ளுவோர் இருந்தார்கள். அவை பின்தங்கின. கடைசியாகக் கண்ணில் வைத்திருந்த டப்ளின் என்ற இலகுக் குரூசரும் அந்தி இருட்டில் சிசிலிக்கு அருகே கோபெனைத் தவறவிட்டது. சில மணி நேரத்தில் போர் தொடங்கியது, சுடுவதற்கு எதிரே ஆள் இல்லை.

மெஸ்ஸினாவில் ஒன்றரை நாள்

ஆகஸ்ட் 5 காலை கோபென் மீண்டும் மெஸ்ஸினாவில். இருபத்துநான்கு மணி நேரம்தான் என்றார்கள் இத்தாலிய அதிகாரிகள். துறைமுகத்தில் நின்ற ஜெர்மன் வணிகக் கப்பல்களிலிருந்து கரியை எடுக்க ஏற்பாடு. வணிகக் கப்பலில் கரி அதன் சொந்த உபயோகத்துக்காக அடியில் கிடக்கும், வெளியே அள்ளிக் கொடுக்க வசதி இருக்காது. ஆகவே தளத்தையே பெயர்த்தார்கள், கம்பிகளை அறுத்தார்கள். மூட்டை மூட்டையாகக் கையால் மாற்றினார்கள். பேண்டு வாத்தியம் வாசித்துப் பார்த்தார்கள், கூடுதல் சாப்பாடு போட்டுப் பார்த்தார்கள். ஆட்கள் நின்ற இடத்திலேயே சுருண்டு விழ ஆரம்பித்ததும் அட்மிரல் வேலையை நிறுத்தச் சொன்னார். சுமார் 1,500 டன் ஏறியிருந்தது. கான்ஸ்டான்டிநோபிள்வரை போக அது காணாது.

அடுத்தடுத்து வந்த தந்திகள் நிலைமையை இன்னும் கெடுத்தன. அரசியல் காரணங்களால் இப்போதைக்குக் கான்ஸ்டான்டிநோபிளுக்குள் நுழைய முடியாது என்றது பெர்லின். ஆஸ்திரியக் கப்பல்கள் உதவிக்கு வருமா என்று கேட்டால், ஆஸ்திரியா இன்னும் பிரிட்டனோடு போரில் இல்லை, வராது என்று பதில். எங்கே போவது என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள் என்று கடைசியில் அவரிடமே விட்டுவிட்டார்கள்.

அவர் முன் இருந்தவை மூன்று. மெஸ்ஸினாவிலேயே நின்று இத்தாலியரிடம் கப்பலை ஒப்படைக்கலாம். ஏட்ரியாட்டிக்குக்குள் போய் ஆஸ்திரியர் நிழலில் ஒதுங்கிப் போர் முடியும்வரை காத்திருக்கலாம். அல்லது அழைப்பில்லாத வீட்டுக்குப் போவதுபோல துருக்கிக்குப் போகலாம். மூன்றாவதைத் தேர்ந்தெடுத்தார். அவர் போட்ட கணக்கு இப்படி: துருக்கிக்கு மனமில்லாவிட்டாலும் கோபென் வாசலில் போய் நின்றால் அவர்களால் சும்மா இருக்க முடியாது, கருங்கடலில் ரஷ்யாவோடு சண்டையை மூட்டிவிடலாம். கூட்டணி உறுதியாகட்டும், பிறகு போகலாம் என்று அவர் காத்திருக்கவில்லை. போனால் உறுதியாகிவிடும் என்று நினைத்தார். அந்த வாரம் அந்தக் கடலில் இப்படி யோசித்தவர் அவர் ஒருவர்தான் என்பது என் கணிப்பு.

பிரிட்டிஷ் தளபதி இதற்குள் என்ன செய்தார்? இத்தாலியக் கரையிலிருந்து ஆறு மைலுக்குள் போகக் கூடாது என்று லண்டன் உத்தரவு. மெஸ்ஸினா நீரிணையோ குறுகிய இடத்தில் மூன்று கிலோமீட்டர்தான். அப்படியானால் இரண்டு வாசலிலும் ஆள் வைக்க வேண்டும். அவர் போர்க்குரூசர்களை வடக்கு வாசலுக்கு மேற்கே நிறுத்தினார், பிரெஞ்சுப் படைக் கப்பல்களைக் காப்பாற்ற. தெற்கு வாசலுக்குக் காவல் குளோஸ்டர் என்ற ஒரே ஒரு இலகுக் குரூசர். அவர் உத்தரவை மீறவில்லை. எழுத்துக்கு எழுத்து நிறைவேற்றினார்.

ஆகஸ்ட் 6–7: திரும்பிப்போன அணி

ஆகஸ்ட் 6 மாலை ஐந்து மணிக்கு ஜெர்மன் கப்பல்கள் தெற்கு வாசல் வழியாக வெளியே வந்தன. முதலில் வடகிழக்கே, ஏட்ரியாட்டிக்குக்குப் போவதுபோல. இரவு பத்தரைக்கு மேல் தென்கிழக்கே திரும்பின. குளோஸ்டரின் கேப்டன் ஏமாறவில்லை. கோபெனின் ஒரு குண்டு பட்டால் அவர் கப்பல் காலி என்று தெரிந்தும் நிலா வெளிச்சத்தில் ஒட்டியே போனார். ஜெர்மானியர் கம்பியில்லாத் தந்தியைக் குழப்ப முயன்றும், எதிரி திசை மாறியதைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே இருந்தார். வழிமறிக்க அனுப்பப்பட்ட டப்ளினின் கேப்டன் அவருடைய சொந்த அண்ணன். இருட்டில் டப்ளின் கோபெனைக் கண்டுபிடிக்கவே இல்லை.

ஏட்ரியாட்டிக் வாசலில் நான்கு கவசக் குரூசர்களோடு நின்ற அட்மிரல் முதலில் நம்பவில்லை. தென்கிழக்குத் திருப்பம் ஏமாற்று, எதிரி மீண்டும் வடக்கே வருவான் என்று நினைத்தார். நள்ளிரவுக்குப் பிறகு மனம் மாறித் தெற்கே பாய்ந்தார். விடியும் முன் அரையிருட்டில் மோதிவிட்டால், கிட்ட நெருங்கிச் சுடலாம் என்பது திட்டம். ஆனால் சந்திக்கும்போது நன்றாக விடிந்திருக்கும் என்று போகப்போகத் தெரிந்தது. கொடிக்கப்பலின் கேப்டன் பீரங்கி விஷயத்தில் கெட்டிக்காரர் என்று பெயர் எடுத்தவர். பகல் வெளிச்சத்தில், திறந்த கடலில், நம் பீரங்கி எட்டாத தூரத்தில் நின்று அவன் நம்மை ஒவ்வொன்றாக முடித்துவிடுவான், அவன் வேகத்தை நம்மால் பிடிக்கவும் முடியாது என்று அவர் சொன்னார். இது மேலான படைதானே என்பது கேள்வி. நாலு மணி வாக்கில் அணி திரும்பியது.

இந்த வாதத்தில் பீரங்கிக் கணக்கு சரி. வேகக் கணக்கு, மேலே சொன்ன ஒழுகும் குழாய்களால், தப்பு. அது மட்டுமல்ல, கோபெனை மூழ்கடிக்க வேண்டிய தேவையே அங்கே இல்லை. வீடு அத்தனை தூரத்தில், கரி குறைவாக வைத்திருக்கும் ஒரு கப்பலுக்கு ஒரு மோசமான அடி விழுந்தாலே போதும். பின்னால் போர்க்குரூசர்கள் வரலாம். வந்திருக்குமா என்பது வேறு கேள்வி, ஏனென்றால் அவை அப்போது இன்னும் சிசிலிக்கு மேற்கே இருந்தன.

குளோஸ்டர் மட்டும் விடவில்லை. 7-ஆம் தேதி பிற்பகல் பிரெஸ்லாவைச் சுட்டு, கோபெனைத் திரும்பி வரவைத்து நேரத்தை இழுத்தது. கிரேக்கத்தின் மட்டபான் முனையைத் தாண்டக் கூடாது என்ற தளபதியின் உத்தரவால் மாலை நாலரை மணிக்கு அதுவும் நின்றது.

ஒரு தவறான தந்தி

தளபதி மால்டாவுக்குப் போய் நிதானமாகக் கரி நிரப்பி, 8-ஆம் தேதி அதிகாலை கிழக்கே கிளம்பினார். அன்று பகல் இரண்டு மணிக்கு லண்டனிலிருந்து தந்தி: ஆஸ்திரியா பிரிட்டன்மீது போர் அறிவித்துவிட்டது. அது உண்மையல்ல. முன்கூட்டியே எழுதித் தயாராக வைத்திருந்த தந்தியை அலுவலகத்தில் ஒருவர் தவறாக அனுப்பிவிட்டார். தளபதி திட்டப்படி துரத்தலை நிறுத்தி ஏட்ரியாட்டிக்கை அடைக்கத் திரும்பினார். தவறு என்று தெரிந்து மீண்டும் கிழக்கே கிளம்பியபோது ஒரு நாள் போயிருந்தது. ஆஸ்திரியாவோடு உண்மையான போர் 12-ஆம் தேதிதான் வந்தது.

அந்த ஒரு நாள் யாருக்கு உதவியது என்று பாருங்கள். கோபென் ஏஜியன் கடலில் டொனூசா என்ற சின்னத் தீவின் ஒதுக்குப்புறத்தில் ஒரு கரிக்கப்பலோடு ஒட்டி நின்று கரி ஏற்றிக்கொண்டிருந்தது. அடுப்பை அணைக்காமல், மலைமேல் ஆளைக் காவல் வைத்து, இரவும் பகலும் ஏற்றினார்கள்.

டார்டனெல்ஸ் வாசலில்

ஆகஸ்ட் 10 மாலை ஐந்து மணிக்குக் கப்பல்கள் டார்டனெல்ஸ் வாசலில் வந்து நின்று வழிகாட்டி கேட்டன. கான்ஸ்டான்டிநோபிளில் ஒரு ஜெர்மன் ராணுவ அதிகாரி துருக்கிப் போர் அமைச்சரிடம் போய் உடனே பதில் வேண்டும் என்றார். தலைமை அமைச்சரைக் கேட்க வேண்டும் என்று அவர் இழுத்தார். நேரமில்லை என்றதும், விடுங்கள் என்றார். பின்னாலேயே ஆங்கிலேயக் கப்பல் வந்தால் சுடுவதா என்பது அடுத்த கேள்வி. அதற்கும் ஒரு தயக்கத்துக்குப் பிறகு ஆமாம் என்றார். ஒரு பேரரசின் நடுநிலை அந்த அறையில் சில நிமிடத்தில் கரைந்தது.

தலைமை அமைச்சரும் வெறுமனே ஏமாந்தவர் அல்ல. ஆகஸ்ட் 6-லேயே அவர் ஜெர்மன் தூதரிடம் ஆறு நிபந்தனைகள் வைத்திருந்தார். அந்நியர்களுக்குத் துருக்கி மண்ணில் இருந்த சட்ட, வரிச் சலுகைகளை ஒழிக்க உதவ வேண்டும் என்பது அதில் முதன்மையானது. தூதர் மறுபேச்சில்லாமல் ஒப்புக்கொண்டார்.

சர்வதேச விதிப்படி நடுநிலை நாடு இந்தக் கப்பல்களை ஒரு நாளில் வெளியேற்ற வேண்டும், இல்லையேல் ஆயுதம் களைய வேண்டும். துருக்கி மூன்றாவது வழி கண்டுபிடித்தது: கப்பல்களை விலைக்கு வாங்கிவிட்டோம். ஆகஸ்ட் 16 அன்று கோபென் 'யாவுஸ் சுல்தான் செலிம்' ஆனது, பிரெஸ்லாவ் 'மிதில்லி' ஆனது. ஜெர்மன் மாலுமிகள் சிவப்புத் துருக்கித் தொப்பி போட்டுக்கொண்டார்கள். ஜெர்மன் அட்மிரல் துருக்கிக் கடற்படைக்கே தளபதி. ஊர்மக்களுக்கோ, பிரிட்டிஷ்காரன் பறித்த இரண்டு கப்பலுக்குப் பதில் ஜெர்மானியன் இரண்டு கப்பல் கொடுத்தான் என்ற ஒரே கணக்கு.

பின் விளைவு

அப்படியும் துருக்கி இரண்டரை மாதம் போரில் குதிக்கவில்லை. இதைப் பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள். அமைச்சரவைக்குள் எதிர்ப்பு இருந்தது, படை திரட்ட அவகாசம் வேண்டியிருந்தது, கஜானா காலி. செப்டம்பர் 27-ல் நீரிணை மூடப்பட்டது. ரஷ்யாவின் தானிய ஏற்றுமதிக்குப் பிரதான வழி அடைபட்டது. அக்டோபரில் ஜெர்மனியிலிருந்து தங்கம் ரயிலில் வந்து சேர்ந்தது. அக்டோபர் 29 அன்று, போர் அறிவிப்பு எதுவும் இல்லாமல், அந்தக் கப்பல்களும் வேறு சில துருக்கிக் கப்பல்களும் துருக்கிக் கொடியோடு ஒடெஸ்ஸா, செவஸ்தோபோல், நொவொரொசிஸ்க் துறைமுகங்களைத் தாக்கின. மெஸ்ஸினாவில் அட்மிரல் போட்ட கணக்கு நிறைவேறியது. நவம்பர் தொடக்கத்தில் ரஷ்யாவும், 5-ஆம் தேதி பிரிட்டனும் பிரான்சும் துருக்கிமீது போர் அறிவித்தன. நவம்பர் 6-லேயே இந்தியப் படைகள் பாரசீக வளைகுடாவின் ஃபாவோவில் கரையிறங்கின. அந்த மெசொப்பொத்தேமியப் (இன்றைய ஈராக்) போர்முனையில் மெட்ராஸ் சாப்பர்கள் என்ற ராணுவப் பொறியியல் படையினர் ஆற்றுப் பாலம் கட்டினார்கள். கோபென் தப்பியதன் விலையில் ஒரு சிறு பங்கு நம் பக்கத்துக் கிராமங்களும் கொடுத்ததுதான்.

விசாரணை

தளபதி எடுத்த நடவடிக்கைகளை ஆகஸ்ட் கடைசியில் கடற்படைத் தலைமை ஏற்றுக்கொண்டது. ஆனால் அவருக்குப் பிறகு கடலில் பதவி கிடைக்கவில்லை. குரூசர் அணி அட்மிரல்மீது கோர்ட் மார்ஷல் நவம்பர் 5 முதல் 9 வரை நடந்தது. தனக்கு வந்த எழுத்து உத்தரவை அவர் எடுத்து வைத்தார். பகல் வெளிச்சத்தில் கோபென் மேலான படைதான், அப்படி எடுத்துக்கொள்ள அவருக்கு உரிமை இருந்தது என்று நீதிமன்றம் அவரைக் குற்றமற்றவராக விடுவித்தது. சட்டப்படி சரியான தீர்ப்பு என்றே எனக்குத் தோன்றுகிறது. அவருக்கும் அப்புறம் கடலில் வேலை தரவில்லை.

இதன் இன்னொரு விளைவு பசிபிக்கில் நடந்தது. தென் அமெரிக்கக் கரையில் பழைய குரூசர்களோடு இருந்த வேறொரு பிரிட்டிஷ் அட்மிரல், மத்தியதரைக் கடல்காரருக்கு வந்த கதி தனக்கு வரக் கூடாது என்று கடிதத்தில் எழுதியிருந்தார். கோர்ட் மார்ஷல் தொடங்க நான்கு நாள் முன்பு, நவம்பர் 1 அன்று, கொரோனெல் அருகே தன்னைவிடப் பலமான ஜெர்மன் அணியைக் கண்டதும் அவர் திரும்பவில்லை. இரண்டு குரூசர்கள் மூழ்கின, ஏறத்தாழ 1,600 பேர் இறந்தார்கள். அந்த இரண்டு கப்பலிலும் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை.

எது மாறியிருக்க வேண்டும்

ஜூலை 30 தந்தியில் 'ஆஸ்திரியக் கப்பற்படை' என்று வெளிப்படையாக எழுதியிருந்தால் ஆகஸ்ட் 7 விடிகாலை விவாதம் வேறு மாதிரி போயிருக்கும். முன்னுரிமையைச் சொன்னவர்கள் அது எப்போது காலாவதியாகும் என்பதையும் சொல்லியிருக்க வேண்டும். பிரெஞ்சுக்காரர்கள் தங்கள் படைக் கப்பல்களுக்குத் தாங்களே துணைக்கப்பல் ஏற்பாடு செய்துவிட்ட பிறகும், பிரிட்டிஷ் போர்க்குரூசர்கள் அதே வேலைக்காக மேற்கே நின்றன. இரண்டு கடற்படைகளுக்கும் இடையே அன்றாடம் ஒரு தந்தி ஓடியிருந்தால் தெற்கு வாசலுக்கு ஒரு பெரிய கப்பலாவது மிஞ்சியிருக்கும்.

துருக்கியின் கப்பல்களை எடுத்துக்கொண்டது தவிர்க்க முடியாததாகவே இருந்திருக்கலாம். ஆனால் ஆகஸ்ட் 1 அன்று துருக்கியைப் புண்படுத்துகிறோம் என்று தெரிந்த அதே அலுவலகம், ஆகஸ்ட் 4-லிருந்து கோபென் துருக்கிக்குப் போகலாம் என்று ஒரு தடவையாவது யோசித்திருக்க வேண்டும். ஒரு மேஜையில் எடுத்த முடிவு அடுத்த மேஜைக்குப் போகவில்லை.

துருக்கிக் கடற்படைக்குப் பயிற்சி கொடுத்த பிரிட்டிஷ் அட்மிரல் செப்டம்பரில் தன் குழுவோடு வெளியேறினார். டார்டனெல்ஸின் காவலும் துருக்கிக் கப்பல்களின் பலவீனமும் அவரைவிடத் தெரிந்தவர் பிரிட்டனில் யாரும் இல்லை. நீரிணைக்கு வெளியே நிற்கும் அணிக்கு அவரையே தளபதியாக்கலாம் என்ற யோசனை வந்தது. துருக்கியரின் மனம் புண்படும் என்று அதைக் கைவிட்டார்கள். அவரை மால்டாவில் கப்பல் பழுதுபார்க்கும் தளத்துக்கு அதிகாரியாக அனுப்பினார்கள்.